துண்டு, கொப்பி, பில்: மலையகத்துக் கடைக் கணக்கின் வரலாறு

மலையகத் தோட்டங்களில் பொருள் வாங்குவதும் அதற்குக் காசு கொடுப்பதும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வெவ்வேறு இடங்களில் நடந்தன. அரிசி தோட்டத்துக் களஞ்சியத்தில் அளக்கப்பட்டது. அதன் விலை தோட்ட ஆபிஸில் இருந்த புத்தகத்தில் ஏறியது. மாதம் முடிந்து சம்பளம் போடும்போது அந்தத் தொகை கழிந்தது. வாங்கியவர் கையில் காசும் இருக்கவில்லை, கணக்கும் இருக்கவில்லை. இன்று ஹட்டன் டவுனில் ஒரு சுப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைபவர் மா பைக்கற்றைத் தானே எடுக்கிறார், கவுண்டரில் வைக்கிறார், விலை திரையில் தெரிகிறது, பில் கைக்கு வருகிறது. இந்த மாற்றத்தைக் கருவிகளின் வளர்ச்சியாகச் சொல்வது வழக்கம். மலையகத்தைப் பொறுத்தவரை கணக்கை எழுதியவர் யார், அதை வாசிக்க முடிந்தவர் யார் என்பதே இதன் உள்ளடக்கம்.

1820களில் கோப்பித் தோட்டங்கள் திறக்கப்பட்டபோது தொழிலாளர்கள் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்டார்கள். வழிச்செலவு, படகுக் கூலி, வழியில் உண்ட சோறு எல்லாம் கங்காணி கொடுத்த முற்பணம். ஆகவே மலையில் முதல் நாள் மண்வெட்டியைத் தொடும் முன்பே ஒவ்வொருவர் பேரிலும் ஒரு கடன் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கடனுக்குப் பின்னால் இன்னொரு கடன் இருந்தது. பெரியகங்காணி தோட்டத்திடமும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களிடமும் பணம் வாங்கித்தான் ஆள் கட்டினார். செட்டியார் கணக்கில் கங்காணியின் பெயர், கங்காணி கணக்கில் தொழிலாளியின் பெயர். அடியில் இருந்தவருக்கு மேலே எழுதப்பட்டது எதுவும் தெரியாது.

கோப்பிக் காலத்தில் சம்பளம் மாதா மாதம் கைக்கு வரவில்லை. பல மாதம் நிலுவையில் நிற்பது சாதாரணம். 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் மாதச் சம்பளத்தை அந்த மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்றது. அதாவது தை மாதம் உழைத்தவர் பங்குனி முடியும்வரை காத்திருந்தாலும் அது சட்டப்படி சரி. இவ்வளவு இடைவெளியில் ஒரு குடும்பம் சாப்பிட்டாக வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பியது தோட்டத்து அரிசி.

மலைநாட்டில் தோட்ட மக்களுக்குப் போதிய நெல் விளையவில்லை. அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து வண்டியிலும் தவள மாட்டின் முதுகிலும் மலை ஏறியது. ரயில் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிய பிறகு மூட்டைகள் ரயிலில் வந்தன. தேயிலைப் பெட்டி கீழே போன அதே பாதையில் அரிசி மூட்டை மேலே வந்தது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டு அந்தத் தொழில் அழிந்த பின் தேயிலை மலைகளை மூடியது. பயிர் மாறியது, அரிசிக் கணக்கு மாறவில்லை.

அரிசி போடும் நாளில் களஞ்சியத்தின் முன்னால் பெண்கள் சாக்கும் சுளகுமாக வரிசையில் நிற்பார்கள். கணக்கப்பிள்ளை பேர் வாசிப்பார். அளவு கொத்துக் கணக்கில். 32 கொத்து ஒரு புசல். கொத்தை அரிசிக்குள் அமுக்கி, மேலே குவிய எடுத்தால் ஒரு அளவு. விரலாலோ குச்சியாலோ வாய்மட்டத்துக்கு வழித்துவிட்டால் வேறு அளவு. புத்தகத்தில் இரண்டும் ஒரு கொத்துத்தான். வழித்த கை யாருடையது என்பதில் ஒரு குடும்பத்தின் ஒரு வேளைச் சோறு அடங்கியிருந்தது. அளந்த அரிசியின் விலையை அந்த இடத்தில் யாரும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. அது ஆபிஸில் இருந்தது.

அரிசி தவிர்த்த மற்றதெல்லாம் கடையில். பல தோட்டங்களில் அந்தக் கடை பெரியகங்காணியுடையது, அல்லது அவருக்கு வேண்டியவருடையது. மிளகாய், உப்பு, கருவாடு, புகையிலை, துணி எல்லாம் பற்றில் கிடைத்தன. வேலைக்கு வந்த ஆளுக்கு ஆள் நாளுக்கு இத்தனை சதம் என்று பெரியகங்காணிக்குத் தோட்டம் கொடுத்த பென்ஸ் காசு ஒரு வரவு. கடை இன்னொரு வரவு. சம்பளத்தைப் பெற்றுப் பிரித்துக் கொடுப்பவரும், கடனைக் கொடுத்தவரும், கடையில் விற்பவரும் ஒருவராகவே இருந்த இடத்தில் கணக்கைச் சரிபார்க்க வேறு ஆள் இல்லை. காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் பேர் போட்டதும் அவர் கண்ணெதிரில்தான்.

துண்டு என்ற சொல் மலையகத்தில் இப்போதும் பல வேலை செய்கிறது. தோட்ட ஆஸ்பத்திரியில் கொடுப்பது துண்டு, சம்பளக் கணக்கு அச்சடித்து வருவது துண்டு, கடையில் எழுதிக் கொடுப்பதும் துண்டு. ஆனால் ஒரு காலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே ஆட்களுக்குத் தங்கள் விலை நினைவுக்கு வந்திருக்கும். ஒரு கங்காணியின் ஆட்கள் தோட்டம் மாற விரும்பினால், அவர்கள் பட்டிருந்த கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிக் கொடுத்த காகிதமே துண்டு. அதை எடுத்துக்கொண்டு கங்காணி தோட்டம் தோட்டமாகப் போவார். எடுத்துக்கொள்ளும் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டும். புதிய தோட்டத்தில் கடன் முந்தியதைவிடக் கூடியே தொடங்கும். விற்பனைச் சீட்டில் எழுதியிருக்க வேண்டியவை எல்லாம் அதில் இருந்தன: தொகை, எண்ணிக்கை, தேதி, கையெழுத்து. பொருள் மட்டும் மனிதர்கள். 1921இல் வந்த சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

இதே காலத்தில் இன்னொரு அடையாளமும் புழங்கியது. 1901–02இல் அறிமுகமான தகர வில்லை அது. தமிழ்நாட்டுக் கரையில் ஆள் கட்டும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டத் தகரம் கொடுக்கப்பட்டது. அதில் தோட்டம் இருக்கும் மாவட்டத்துக்கு ஒரு எழுத்து, தோட்டத்துக்கு ஒரு எண், ஆளுக்கு ஒரு எண் குத்தப்பட்டிருக்கும். கழுத்தில் கயிற்றில் கட்டிக்கொண்டவர் வழியில் காசில்லாமல் படகேறலாம், ரயிலேறலாம், முகாமில் சாப்பிடலாம். ஒவ்வொரு இடத்திலும் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். செலவு முழுவதும் அந்த எண்ணுக்கு உரிய தோட்டத்தின் கணக்கில் ஏறும். வழி தெரியாத ஒருவர் திருச்சிப் பக்கத்திலிருந்து டிக்கோயாவரை வந்து சேர்வதற்கு அது நிச்சயமாக உதவியது. வில்லையில் விலை எதுவும் எழுதப்படவில்லை. விலை வேறெங்கோ ஒரு பேரேட்டில் இருந்தது. வில்லை அந்தப் பக்கத்தைக் காட்டும் எண் மட்டுமே. இன்றைய கடைப் பொருள்களின் கோட்டுக்குறியும் இதே முறையில்தான் இயங்குகிறது. அது பைக்கற்றின் மீது ஒட்டியிருக்கிறது, இது ஆளின் கழுத்தில் தொங்கியது.

துரைமார் வாழ்க்கையும் பற்றில்தான் ஓடியது என்பதைச் சொல்ல வேண்டும். அவர்கள் கடைக்குக் காசு கொண்டு போகும் வழக்கமில்லை. சிட்டில் கையெழுத்துப் போட்டார்கள், மாதக் கணக்கு பங்களாவுக்கு வந்தது. 1844இல் கண்டியில் தொடங்கிய கார்கில்ஸ் போன்ற கம்பெனிகள் தோட்டத்து ஐரோப்பியருக்குத் தேவையான இறக்குமதிச் சாமான்களை விற்றே வளர்ந்தன. தோட்டங்களின் பண வேலைக்கு 1888இல் ஹட்டனிலேயே ஒரு வங்கி தொடங்கப்பட்டது. அந்த ஹட்டன் வங்கிதான் 1970இல் ஹட்டன் நேஷனல் வங்கியாகி நாடு முழுவதும் பரவியது. துரையின் பற்றுக்கும் தொழிலாளியின் பற்றுக்கும் உள்ள வித்தியாசம் எழுத்தில் இருந்தது. துரை தன் கணக்கை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தொழிலாளி வாசிக்காமல் பெருவிரல் ரேகை வைத்தார்.

இந்த நிலையைக் கேள்வி கேட்டவர்களில் முதன்மையானவர் கோ. நடேசய்யர். தோட்டத்துக்குள் வெளியார் நுழைய அனுமதி இல்லாத காலத்தில் அவர் புடவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் போய் வந்தார். அவர் அந்த வேடத்தைத் தேர்ந்தது கடை வரலாற்றுக்கே ஒரு சான்று. சங்கம் பேசுபவருக்கு மூடியிருந்த கேட், துணிமூட்டை சுமந்தவருக்குத் திறந்தது. காரணம், தோட்டத்துக்குள் வந்து பற்றில் விற்கும் புடவைக்காரர் எல்லாருக்கும் பழகிய முகம். 1931இல் அவர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார்.

1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் முதல் தடவையாகக் கூலிக்கு ஒரு எண் கொடுத்தது. மலைநாட்டுத் தோட்டங்களில் ஒரு நாளைக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். அரிசியையும் குறித்த விலைக்கு மேல் போகாமல் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஏற்பாட்டின் பகுதி. கூலியும் அரிசி விலையும் ஒரே மூச்சில் பேசப்பட்டதைக் கவனித்தால், சம்பளத்தில் எவ்வளவு பகுதி காசாகக் கைக்கு வராமலே போனது என்பது விளங்கும். இந்தச் சட்டத்தோடு பெரியகங்காணியின் கை மெல்லத் தளர்ந்தது. ஆனால் மாத முடிவில் சம்பளத்திலிருந்து கழிக்கும் வழக்கம் நிற்கவில்லை. அதன் பட்டியல் நீண்டதுதான் மிச்சம். அரிசி, மா, தேயிலைத்தூள், முற்பணம், கோயில், சலவைத் தொழிலாளி, சங்கச் சந்தா, பிறகு சேமலாப நிதி என்று பத்துப் பன்னிரண்டு கழிவுகள் ஒருவர் பேருக்கு நேராக எழுதப்பட்டன. பெண்ணின் சம்பளத்தைக் கணவரோ தந்தையோ கையெழுத்திட்டு வாங்கும் பழக்கமும் நெடுநாள் நிலைத்தது. கொழுந்து பறித்துக் குடும்ப வருமானத்தில் பெரும் பங்கை ஈட்டியவர் தன் கணக்கைப் பார்க்காத இரண்டாவது இடம் அது. ஆண் பெண் இருவருக்கும் ஒரே நாட்சம்பளம் 1984இல்தான் வந்தது.

இரண்டாம் உலகப் போரில் பர்மா விழுந்ததும் அரிசி வரத்து நின்றது. 1942 முதல் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. கூப்பன் புத்தகமும் கூட்டுறவுக் கடையும் இலங்கை முழுவதும் பரவின. அரிசிக் கூப்பன் ஒரு வகையில் நல்ல கணக்குப் புத்தகம். எத்தனை கொத்து உரிமை, எது வாங்கியாயிற்று என்பது வீட்டிலேயே இருந்தது, கிழித்த இடம் எழுத்துத் தெரியாதவருக்கும் தெரிந்தது. 1953இல் அரசு ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் நடந்தது. ஒரு கொத்தின் விலை எல்லாருக்கும் ஒரே எண்ணாகத் தெரிந்திருந்ததும் அந்தக் கோபம் அவ்வளவு விரைவாகப் பரவியதற்கு ஒரு காரணம். 1973–74 பஞ்சத்தில் பங்கீடு சுருங்கியது. காய்கறிப் பாத்தி போடவும் நிலமில்லாத லயத்து மக்களை அது வேறு யாரையும்விடக் கடுமையாகத் தாக்கியது. தோட்டங்களில் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. இந்த வரலாற்றில் இவ்வளவு கொடுமையான பக்கம் வேறில்லை. 1979இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களுக்கே அது. செக்ரோல் என்னும் வேலைப் பதிவேட்டில் இரண்டு மூன்று பேர் பதிந்திருந்த தோட்டக் குடும்பத்தின் வருமானம் காகிதத்தில் அதைத் தாண்டிவிடும். கழிவுகள் போக மிஞ்சியது எவ்வளவு என்பதை அந்த எல்லைக்கோடு கேட்கவில்லை.

தோட்டங்கள் 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. இதற்கிடையில் கடை, தோட்டத்துக்குள்ளிருந்து தோட்டத்து வாசலுக்கும் டவுனுக்கும் நகர்ந்தது. பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை, நோர்வூட், ஹட்டன் என ஒவ்வொரு டவுனின் மளிகைக் கடையும் சுற்றியுள்ள தோட்டங்களின் சம்பள நாளை வைத்தே உயிர் பிழைத்தது. அங்கே பிறந்ததுதான் கொப்பி.

கடன் கொப்பி பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதும் மலிவான கொப்பிதான். மட்டையில் தோட்டத்தின் பெயர், டிவிசன், வீட்டுக்காரர் பெயர். உள்ளே தேதியும் சாமானும் தொகையும்: மா 2 கிலோ, சீனி கால், பருப்பு கால், கருவாடு, தேங்காய் ஒன்று, சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, மண்ணெண்ணெய். முதலாளி பென்சிலால் எழுதுவார். கவனமான கடைகளில் இரண்டு கொப்பி, ஒன்று கடையில், ஒன்று வீட்டில். இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதப்படும். சாமான் வாங்கப் பிள்ளையை அனுப்பினால் கொப்பியும் அதன் கையில் போகும். பள்ளிக்கூடம் போன முதல் தலைமுறைப் பிள்ளைகள் பல வீடுகளில் இந்தக் கொப்பியைத்தான் முதலில் கூட்டிப் பார்த்தார்கள். மாதம் பத்தாம் திகதி அளவில் சம்பளம் போட்டதும் அந்தப் பக்கத்தின் அடியில் ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே கொடுத்தது, அதற்கும் கீழே பாக்கி. பாக்கி அடுத்த பக்கத்தின் தலையில் ஏறும். பாக்கி இல்லாத பக்கம் அரிது, தீபாவளி மாதத்தில் அறவே இல்லை.

கொப்பிக்கு வட்டி எழுதப்படுவதில்லை. காசுக்கு வாங்கும் விலைக்கும் பற்றுக்கு வாங்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் அது இருந்தது; அந்த வீட்டாரால் வேறு கடைக்குப் போக முடியாததிலும் இருந்தது. ஆனாலும் கொப்பியைக் கொள்ளை என்று தள்ளிவிட முடியாது. பிரசவத்துக்கும் சாவுக்கும் மழைக்காலத்தில் வேலை குறைந்த மாதத்துக்கும் கேள்வி கேட்காமல் மா நிறுத்துக் கொடுத்தது அந்தக் கடை. முகம் தெரிந்த முதலாளியிடம் அடுத்த மாதம் தருகிறேன் என்று சொல்ல முடிந்தது. அதற்கும் மேலாக, கங்காணியின் பேரேட்டில் இல்லாத ஒரு சிறப்பு அதில் உண்டு: கணக்கின் ஒரு படி வாங்கியவர் வீட்டில் இருந்தது.

கடைக் கணக்கை இயந்திரத்திடம் கொடுக்கும் முயற்சி வேறு ஒரு தேவையிலிருந்து எழுந்தது. 1879இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரத்து மதுக்கடைக்காரர் ஜேம்ஸ் ரிட்டி தன் வேலையாட்கள் காசெடுப்பதைத் தடுக்க ஒரு பொறி செய்தார். கப்பலின் சுழலி எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணும் கருவியைப் பார்த்து வந்த யோசனை அது. விசையை அழுத்தினால் தொகை பெரிய எழுத்தில் வாடிக்கையாளருக்கும் தெரியும், மணி அடிக்கும். பின்னால் வந்த இயந்திரங்களில் காசு லாச்சி அந்த மணியோடு சேர்ந்து திறந்தது, காகிதச் சுருளில் ஒவ்வொரு விற்பனையும் பதிந்தது. முதலாளி தன் ஆளைக் கண்காணிக்கச் செய்த கருவி என்றாலும், வாங்குபவருக்கும் அதில் ஒரு பயன் விளைந்தது. தொகையை முதல் தடவையாக அவர் கண்ணால் பார்த்தார். 1916இல் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் மெம்பிஸ் நகரில் திறந்த பிக்லி விக்லி கடையில் வாடிக்கையாளர் தட்டிலிருந்து தானே சாமான் எடுத்து வாசலில் காசு கொடுக்கும் முறை வந்தது. 1974 ஜூன் 26ஆம் திகதி ஒஹாயோவின் டிரோய் நகரத்து மார்ஷ் சுப்பர் மார்க்கெட்டில் ஒரு சுவிங்கம் பைக்கற்றின் கோட்டுக்குறி முதன்முதலாக ஸ்கான் செய்யப்பட்டது.

இலங்கையில் இந்த முறை மேல்நாட்டுச் சாமான் விற்ற பழைய கம்பெனி வழியாகவே பரவியது. கார்கில்ஸ் 1983இல் கொழும்பு ஸ்டேப்பிள் வீதியில் தன் முதல் சுப்பர் மார்க்கெட்டைத் திறந்தது. பின்னர் அதன் ஃபுட் சிட்டி கிளைகள் வெளிமாவட்ட டவுன்களுக்கு வந்தன. ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அவை இருக்கின்றன. ஒரு காலத்தில் துரை பங்களாவுக்குக் கணக்கு அனுப்பிய பெயர்ப்பலகையின் கீழ் இன்று லயத்துக் குடும்பம் கூடையெடுத்து நடக்கிறது.

இந்த மாற்றத்துக்கு அடியில் இருந்தது செக்ரோலில் ஏறாத காசு. 1977க்குப் பின் தோட்டத்து இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும், பெண்கள் வீட்டு வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் மத்திய கிழக்குக்கும் போகத் தொடங்கினார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் கழிவு இல்லை. அது எந்தக் கடைக்கும் கட்டுப்பட்டதாகவும் இல்லை. கொழும்பில் கவுண்டருக்குப் பின்னால் நின்று பிறருக்குப் பில் போடக் கற்றுக்கொண்டவர்களும் இந்தப் பிள்ளைகளில் உண்டு.

ஸ்கானர் முன்னால் நடப்பதை அருகில் பார்ப்பது நல்லது. பைக்கற்றில் கறுப்புக் கோடுகளின் கீழ் 13 இலக்கங்கள் இருக்கும். இலங்கையில் பதிவு பெற்ற கம்பெனியின் பொருள் என்றால் முதல் மூன்று 479. பிறகு கம்பெனிக்கும் பொருளுக்கும் உரிய எண். கடைசி இலக்கம் மற்ற 12ஐயும் சரிபார்ப்பதற்கு. எடுத்துக்காட்டாக 479123456789 என்று 12 இலக்கம் எடுத்துக்கொண்டால், ஒற்றை இடத்து இலக்கங்களின் கூட்டுத்தொகை 33; இரட்டை இடத்தவை 32, அதை மூன்றால் பெருக்கினால் 96; மொத்தம் 129. அடுத்த பத்தான 130க்கு ஒன்று குறைகிறது, ஆகவே 13ஆம் இலக்கம் 1. ஸ்கானர் ஒரு கோட்டைத் தவறாக வாசித்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் இடிக்கும், இயந்திரம் அதை ஏற்காது. விலை கோடுகளில் இல்லை. கடைக் கம்பியூட்டரில் அந்த எண்ணுக்கு எதிரே எழுதிய தொகைதான் திரையில் வருகிறது. தட்டில் ஒட்டிய விலையை மாற்றாமல் கம்பியூட்டரில் மட்டும் மாற்றினால், அல்லது மறுபுறமாகச் செய்தால், வாங்குபவர் ஒரு விலை பார்த்து வேறு விலை கொடுப்பார். தகர வில்லையின் காலத்தைப் போலவே எண் பொருளோடு இருக்கிறது, தொகை எட்டாத இடத்தில் இருக்கிறது. ஒரே வித்தியாசம் பில்.

அந்தப் பில்லை வாசிக்க முடிய வேண்டும். சுப்பர் மார்க்கெட் பில்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் வருகின்றன. பொருளின் பெயரும் இடம் போதாமல் பாதி வெட்டுண்டு இருக்கும். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் தமிழையும் ஆட்சிமொழியாக்கியது, ஆனால் பில் மாறவில்லை. கொப்பியில் பென்சிலால் எழுதிய ‘பருப்பு கால்’ தமிழ் மட்டும் அறிந்த பாட்டிக்குப் புரிந்தது. இயந்திரம் அச்சிட்ட வரி புரியவில்லை. தமிழ் எழுத்தை அச்சிட இன்றைய பில் இயந்திரங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. கடைகள் மனம் வைத்தால் போதும், இது செய்யப்பட வேண்டியது. வெப்பத்தில் அச்சாகும் அந்தக் காகிதம் சில மாதங்களில் வெளிறிவிடும் என்பதும் நினைவில் வைக்கத்தக்கது. பென்சில் எழுத்து ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

வாடிக்கையாளரே ஸ்கான் செய்து காசு கட்டும் கவுண்டர்கள் 1980களில் அமெரிக்காவில் தோன்றின. பையை வைக்கும் தட்டின் அடியில் ஒரு தராசு இருக்கும். ஸ்கான் செய்த பொருளின் நிறையும் தட்டில் ஏறிய நிறையும் பொருந்தாவிட்டால் இயந்திரம் நின்றுவிடும். நிறுத்துத்தான் நம்பும் அந்த ஏற்பாடு தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. கொழுந்து மடுவத்தில் நாளுக்கு இரண்டு மூன்று தடவை அவர்கள் நிறுவைக்கு முன் நிற்கிறார்கள். சாக்குக்கு இவ்வளவு, இலை ஈரத்துக்கு இவ்வளவு என்று கிலோ கழிப்பது தோட்டங்களில் மிகப் பழைய மனக்குறை. பெருந்தோட்டக் கம்பெனிகள் சிலவற்றில் இப்போது மின்னணுத் தராசு வந்திருக்கிறது. தொழிலாளியின் அட்டையை வாசித்து நிறையை நேராகப் பதிவு செய்கிறது. எண் திரையில் தெரிவது பெரிய முன்னேற்றம். எவ்வளவு கழிக்கப்பட்டது என்பதும் அதே திரையில் தெரியும்போதுதான் அது முழுமையாகும்.

காசு கொடுக்கும் முறையும் மாறிவருகிறது. இலங்கை மத்திய வங்கி 2018இல் நாட்டுக்குப் பொதுவான கியூஆர் தரத்தை வகுத்தது. லங்காகியூஆர் படம் ஒட்டிய சிறு கடைகளில் கைபேசியால் காசு கட்டலாம், அட்டை இயந்திரம் வேண்டியதில்லை. ஆனால் இதற்குக் கணக்கில் காசு இருக்க வேண்டும். 2021இல் தோட்ட நாட்சம்பளம் 1,000 ரூபாவானது. மறு ஆண்டில் ரூபா சரிந்து, 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. நாளுக்கு நாள் விலை ஏறும்போது பற்றுக் கொடுப்பது கடைக்காரருக்கு நட்டம். இன்று கொடுத்த மாவின் காசில் அடுத்த மாதம் அதே மாவை அவரால் வாங்க முடியாது. காசுக்கு வாங்கவும் தோட்டத்தில் காசில்லை. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தபோதும் வேலை நாள்களின் எண்ணிக்கையும் நிறையின் அளவும் கணக்கைத் தீர்மானிப்பது தொடர்ந்தது.

இந்தக் காரணத்தால் கொப்பி போகவில்லை. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் சம்பளம் போட்ட வாரத்தில் சுப்பர் மார்க்கெட்டில் சாமான் வாங்கும் குடும்பம், மாதத்தின் பிற்பாதியில் தோட்டத்து வாசல் கடைக்குத் திரும்புகிறது. நூறு கிராம் பருப்பு, அரைக் கிலோ மா, ஒரு பொட்டலம் சம்போ என்று சில்லறையாக வாங்க அந்தக் கடைதான் வசதி. சுப்பர் மார்க்கெட் பற்றுக் கொடுப்பதில்லை. சில கடைகளில் கொப்பிக்குப் பக்கத்தில் கல்குலேட்டரும், அதற்குப் பக்கத்தில் கியூஆர் படமும் இருக்கின்றன.

சட்டம் இரண்டு வகைக் கடைக்கும் ஒன்றுதான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி விலைப்பட்டியலைக் கடையில் பார்வைக்கு வைக்க வேண்டும், வாங்குபவர் கேட்டால் ரசீது கொடுத்தாக வேண்டும்.